தம்பி மேல 498ஏ (பொண்டாட்டிய கொடுமைப்படுத்தின கேஸ்) போடுவேன்னு மிரட்டுறாங்க, மியூச்சுவல்ல (ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்கற விவாகரத்து) கையெழுத்து போட்டுடலாமா?

அல்சூர்_அண்ணன்: வணக்கம். தம்பிக்கு கல்யாணம் ஆகி மூணு வருஷம், ரெண்டு பேருக்கும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை. போன மாசம் சண்டை போட்டுட்டு பொண்ணு சேலத்துக்கு அம்மா வீட்டுக்கு போயிட்டா. இப்ப அவ மாமா போன் பண்ணி மியூச்சுவல்ல கையெழுத்து போட்டு 40 லட்சம் குடு, இல்லன்னா குடும்பமே உள்ள போகும்ங்கறார். எங்க அம்மாவுக்கு 64 வயசு, தூக்கமே இல்ல. குடுத்து முடிச்சுடலாமா?

கேஆர்புரம்_குமார்: முடிச்சுடுங்கண்ணா, ஆம்பளைக்கு இந்த நாட்ல சட்டமே இல்ல. அதுவரைக்கும் போனை ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்கு கெளம்புங்க.

கோர்ட்_வராண்டா: ஓடுறதுதான் தப்பு குமார். ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல கண்ண மூடிட்டு அரெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2014லயே சொல்லியாச்சு, இதுக்கு அதிகபட்சம் மூணு வருஷம்தான். முதல்ல நோட்டீஸ் வரும், சொன்ன தேதிக்கு போய் நிக்கணும், தலைமறைவானாதான் அரெஸ்டுக்கு நீங்களே காரணம் எடுத்து குடுக்கறீங்க. அப்புறம் 2024 ஜூலைல இருந்து அது 498ஏ இல்ல, ஐபிசிக்கு பதிலா வந்த புது சட்டம் பிஎன்எஸ்ல 85. முன்ஜாமீனும் புது நடைமுறை சட்டத்துல 438ல இருந்து 482க்கு போயிடுச்சு, பழைய 482ன்னா கேஸை குவாஷ், அதாவது ரத்து பண்ற செக்‌ஷன், எங்களுக்கே இன்னும் நாக்கு குழறுது.

லிங்கராஜபுரம்_மதி: எல்லாரும் பையனை எப்படி காப்பாத்தறதுன்னே பேசறீங்க, அவ ஏன் போனான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? சும்மா இருக்கறப்ப யாரும் வேலைய விட்டுட்டு பெட்டிய தூக்கிட்டு போக மாட்டா.

கேஆர்புரம்_குமார்: வந்துட்டாங்க. சம்பாதிக்கற பொண்ணுக்கு எதுக்கு மேடம் 40 லட்சம்? வாழ்ந்தது இங்க, கேஸ் மட்டும் சேலத்துலயா?

லிங்கராஜபுரம்_மதி: எங்க போய் தங்கறாளோ அங்கயே புகார் குடுக்கலாம், 2019 தீர்ப்பு. பொம்பளைங்களுக்கு சம்பளம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவியும் உண்டு, அதுவும் தெரிஞ்சுக்கோங்க.

கோர்ட்_வராண்டா: மதி சொல்றது சரி. ஆனா 40 லட்சம் வானத்துல இருந்து விழுந்த கணக்கு, ஜீவனாம்ச வழக்குல ரெண்டு பேரும் வருமானம் சொத்து கடன் எல்லாம் பிரமாண பத்திரத்துல காட்டணும்னு 2020ல தீர்ப்பு இருக்கு. அண்ணா, ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தாதான் மியூச்சுவல் மனுன்னு இந்து திருமண சட்டம் 13பி சொல்லுது, அவ போயி ஒரு மாசம்தான் ஆச்சு, இப்ப கையெழுத்து வாங்கிட்டு போய் நியாய தேகுலாவுல, அதான் இங்க இருக்கற ஃபேமிலி கோர்ட்ல, என்ன பண்ணுவாங்க? சேலத்துல எஃப்ஐஆர் போட்டாலும் இங்க செஷன்ஸ் கோர்ட்ல அரெஸ்ட் ஆகாம கொஞ்ச நாளுக்கு தற்காலிக பாதுகாப்பு கேக்கலாம், 2023ல அப்படி வந்த தீர்ப்பே ராஜஸ்தான்ல கேஸ் வாங்கின ஒரு பெங்களூர்காரர் விஷயம்தான். அம்மா மேல குறிப்பா ஒண்ணும் சொல்லாம சும்மா பேரை சேத்தா ஹைகோர்ட்ல ரத்து கேக்கலாம்.

லிங்கராஜபுரம்_மதி: அண்ணா, ஒரே கேள்வி. அவ நகை எங்க?

அல்சூர்_அண்ணன்: 35 பவுன்... எங்க லாக்கர்ல இருக்கு.

கேஆர்புரம்_குமார்: குடுத்துடாதீங்க!! பேரம் பேச அது ஒண்ணுதான் கைல இருக்கு.

கோர்ட்_வராண்டா: யோவ். சீதனம் அவளோட சொந்த சொத்து, 1985லயே முடிஞ்ச விஷயம். கேட்டும் தரலன்னா நம்பிக்கை மோசடி, பிஎன்எஸ் 316ன்னு இன்னொரு கேஸ். லிஸ்ட் எழுதி, போட்டோ எடுத்து, சாட்சி வெச்சு கையெழுத்து வாங்கிட்டு இந்த வாரமே குடுங்க, மாமா கிட்ட இல்ல, பொண்ணு கைல.

லிங்கராஜபுரம்_மதி: இத முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கணும் அண்ணா.

அல்சூர்_அண்ணன்: லாக்கர் அம்மா பேர்ல இருக்கும்மா. சாவிய கேட்டா ரெண்டு நாளா என்கூட பேசறதில்ல.