தக்காளிக் குழுவை மட்டும் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா?

பாலக்கோட்டான்:

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் மண்டிக்கு வண்டி போகுமா போகாதா என்று தெரிந்துகொள்ள இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்தோம். தக்காளி போடுகிறவர்கள் மட்டும். வாட்ஸ்ஆப்பில் இடம் போதாமல் டெலிகிராமுக்கு மாறினோம். இன்றைக்கு 6,400 பேர். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, காரிமங்கலம், அந்தப் பக்கம் குப்பம் வரைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தார்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பாலக்கோடு, ராயக்கோட்டை இரண்டு மார்க்கெட்டிலும் ஒரு கிரேடு, அதாவது ஒரு பிளாஸ்டிக் பெட்டித் தக்காளி, என்ன விலை போகிறது என்று கேட்டுப் போடுவேன். அப்புறம் நாள் முழுக்க இலைப் படங்கள் வரும். இலைச்சுருட்டை, ஊசிப்புழு, பூ உதிர்வது, காயின் அடி கருப்பது. என்ன ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன அடித்தீர்கள், தண்ணீர் எப்போது விட்டீர்கள் என்று நான் கேட்டு வாங்குவேன். பிறகு அனுபவப்பட்டவர்கள் பதில் சொல்வார்கள். வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், மாதம் 19,500. ரயிலில் போகிற நேரமும் வருகிற நேரமும் குழுவுக்குத்தான். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஆகிறது.

போன வருடம் விவசாயி என்று சொல்லிச் சேர்ந்த ஒருவர், ஒரு மருந்தை அடித்தால் மூன்றே நாளில் செடி தெளியும் என்று எழுதினார். நம்பி அடித்த மூன்று பேர் தோட்டத்தில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. விசாரித்தால் அவர் மருந்து விற்கிற ஆள். நீக்கிவிட்டேன். அந்த மூன்று பேருக்கும் என்ன பதில் சொல்வது என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

இப்போது ஒரு மருந்துக்கடைக்காரர் மாதம் 10,000 தருகிறேன் என்கிறார். தினமும் அவர் பதிவு இரண்டு மேலே நிற்க வேண்டும், மற்ற கடைகளின் பெயர் வந்தால் எடுத்துவிட வேண்டும். வீட்டில் இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. இந்த மாதிரி இன்னொருவர் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு இதை மட்டும் பார்க்கலாமே என்று மனைவி சொல்கிறாள். இந்தக் குழு எனக்கு உயிர். இதை வைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

அரூர் நாற்றுக்காரர்:

நான் குழித்தட்டு நாற்று விற்கிறவன், கொடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விளம்பரம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பதிவின் முதல் சொல்லே ‘விளம்பரம்’ என்று இருக்கட்டும். உங்கள் குழுவில் மாதம் ஒரு பதிவுக்கு 2,000 கொடுக்க நானே தயார். மற்ற கடையின் பெயரை எடுக்கச் சொல்கிறவரை மட்டும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

காயில் பட்டறை, தர்மபுரி:

தம்பி, நான் பதினெட்டு வருடம் மோட்டார் காயில் கட்டியவன். நம் பக்கம் ஆயிரம் அடி தாண்டி போர் போடுகிற ஊர்கள் உண்டு. மோட்டாரை மேலே தூக்கவே அரை நாள் ஆகும். பட்டறைக்கு வருகிற ஸ்டேட்டரில், அதாவது காயில் உட்கார்கிற மோட்டாரின் அசையாத பாகத்தில், பழைய காயில் கருகியிருந்தால் எத்தனை சுற்று, கம்பித் தடிமன் எந்த கேஜ் என்று கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த பட்டறை ஒவ்வொன்றுக்கும் போன் போட வேண்டும். அதற்காகவே 2016இல் மெக்கானிக்குகளுக்கு மட்டும் ஒரு குழு தொடங்கினேன். இப்போது 2,300 பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் சந்தா கட்டுகிறவர்கள் 710. செலவு போக மாதம் இருபத்தைந்தாயிரம் நிற்கிறது. பட்டறையை இரண்டு வருடமாக என் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான்.

முதல் நான்கு வருடம் ஒரு பைசா வரவில்லை. அப்புறம் நானும் உன் இடத்தில்தான் நின்றேன். காயில் கட்டுகிற வைண்டிங் வயர் விற்கிற ஒரு கம்பெனி மாதம் 6,000 கொடுத்தது. மூன்றாம் மாதம் ஊத்தங்கரை மெக்கானிக் ஒருவர், அந்த வயரில் இன்சுலேஷன் விடுகிறது, தண்ணீரில் இறங்கி இருபது நாளில் கரண்ட் கசிந்து எர்த் ஆகிறது என்று படத்தோடு எழுதினார். அதை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். அடுத்த மாதமே அதே வயரில் கட்டிய மோட்டார் ஒன்று எரிந்து என் பட்டறைக்கே வந்தது. கொண்டுவந்த விவசாயி கடன் வாங்கிக் கட்டியவர். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஊத்தங்கரைக்காரர் குழுவை விட்டுப் போனார். அவர் பின்னாலேயே பதினைந்து பேர் போனார்கள். பதினைந்து என்பது உனக்குச் சின்னக் கணக்காகத் தெரியும். எங்கள் குழுவில் வரும் பதில்களில் பாதியை எழுதியது அந்தப் பதினைந்து பேர். மற்றவர்கள் கேட்பார்கள், படிப்பார்கள், அவ்வளவுதான். உன் குழுவிலும் எண்ணிப் பார், 6,400 பேரில் பதில் சொல்கிறவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அந்த ஐம்பது பேர் இருக்கிற வரைக்கும்தான் குழு. கம்பெனிக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊத்தங்கரைக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

உறுப்பினர்கள் எந்தப் பொருளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதோ அந்தப் பொருளை விற்கிறவரிடம் காசு வாங்காதே. நாற்றுக்காரர் அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் நாளைக்கு அவர் நாற்றில் வைரஸ் என்று ஒருவர் எழுதினால் உன் கை ஒரு நிமிடமாவது தயங்கும்.

அப்புறம் எதற்குத்தான் காசு? கேள்வி கேட்பதற்கு வாங்கவே கூடாது. கேள்வி நின்றால் பதில் சொல்கிறவரும் வரமாட்டார். நான் வாங்குவது பழைய பதில்களை அடுக்கி வைத்ததற்கு. கம்பெனி, ஹெச்பி, ஸ்லாட், சுற்று, கேஜ் என்று நாலாயிரம் மோட்டாரின் கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. பட்டறையில் ஒரு மோட்டார் தப்பாகக் கட்டாமல் தப்பித்தால் 500 ரூபாய் அன்றைக்கே திரும்பிவிடும். பதில் எழுதுகிற முக்கியமானவர்களுக்குச் சந்தா கிடையாது.

உன்னிடம் 2020இலிருந்து இரண்டு மார்க்கெட் விலையும் நாள்வாரியாக இருக்கிறது. அதை யாராவது தேதி வைத்துப் பார்க்க முடிகிறதா? எந்த மாதம் நட்டவருக்கு எந்த வருடம் என்ன விலை கிடைத்தது என்று அதிலிருந்தே சொல்லலாம். அதைவிடப் பெரியது இலைப் படங்கள். படம் போட்டவர் என்ன அடித்தார், பத்து நாள் கழித்துச் செடி என்ன ஆனது என்பதைக் கேட்டு வாங்கி எழுதி வை. அந்தப் பத்தாவது நாள் பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

வேலையை இப்போது விடாதே. முதல் வருடம் உன் மேல் இருக்கிற பிரியத்தில் கட்டுவார்கள். எனக்கு முதல் வருடம் 400 பேர் கட்டினார்கள், அடுத்த வருடம் அவர்களில் புதுப்பித்தது 230 பேர். சம்பளத்துக்கு ஈடான சந்தா இரண்டு வருடம் தொடர்ந்து வந்த பிறகுதான் நான் பட்டறையை விட்டு எழுந்தேன்.

பாலக்கோட்டான்:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் பதிலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சந்தேகம். மெக்கானிக்குக் கையில் தினமும் காசு வரும். அரை ஏக்கர் தக்காளிக்காரர் கட்டுவாரா? பணம் எப்படி வாங்குகிறீர்கள்?

காயில் பட்டறை, தர்மபுரி:

யுபிஐதான், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒன்று கவனி. பணம் மகன் நம்பரிலிருந்து வரும், மருமகள் பெயரில் வரும். கட்டியது யார் என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் வருடம் பாதி நாள் போனது. குறிப்பில் உறுப்பினர் எண்ணைப் போடச் சொல். ஜிஎஸ்டியை நினைத்துப் பயப்படாதே, சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. வரவு செலவை மட்டும் முதல் நாளிலிருந்து எழுதி வை.

மாரண்டஅள்ளி அக்கா:

தம்பி, நான் உன் குழுவில்தான் இருக்கிறேன், எழுதியதில்லை. போன கார்த்திகையில் என் செடி சுருண்டபோது மருந்துக்கடையில் 1,800 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உன் குழுவில் ஒரு பெரியவர், இது வைரஸ், சுருண்ட செடி இனித் தேறாது, பிடுங்கி எரித்துவிட்டு வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை கட்டு என்றார். பத்துச் செடியைப் பிடுங்கினேன், மீதி நின்றது. வருடம் 200 ரூபாய் என்றால் நான் கட்டுவேன்.

ஆனால் எப்போது கேட்கிறாய் என்பதைப் பார். கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கி, பறிகூலி கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விடுகிற நாளில் சந்தா கேட்டால் மனசு நோகும். நாலு கிரேடுக்கு நல்ல விலை கிடைத்த வாரத்தில் கேள். காலை விலையை மட்டும் எல்லோருக்கும் சும்மாவே போடு. கட்ட முடியாதவர்களும் அதைப் பார்த்துத்தான் வண்டி ஏற்றுகிறார்கள்.

ஓசூர் சர்வர்:

தொழில்நுட்பம் பற்றி இரண்டு விஷயம். டெலிகிராம் 2024இல் தொடங்கிய விளம்பர வருமானப் பங்கு ஆயிரம் சந்தாதாரர்களுக்கு மேல் உள்ள சேனல்களுக்கானது, உங்களைப் போன்ற பேச்சுக் குழுவுக்கு அதை நம்ப வேண்டாம். இன்னொன்று அவசரம். கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப்பைப் போட்டு முழு உரையாடலையும் படங்களோடு ஏற்றுமதி செய்து வையுங்கள். ஐந்து வருட உழைப்பு ஒரு போன் நம்பரில் தொங்கக் கூடாது. பிறகு அடுக்கி வைக்க டிஸ்கோர்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதும், சின்ன சர்வரிலேயே ஓடும். கூகுள் கணக்கு வழியாக நுழைகிற வசதியைத் திறந்து வையுங்கள். நம் ஆட்கள் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள்.

காயில் அண்ணன் சொன்னதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற தளம் விளம்பர வரவில் பலருக்குச் சம்பளம் கொடுத்தது. 2012இல் கூகுள் தேடல் வழியாக வருகிறவர்கள் திடீரென்று குறைந்தார்கள். 2014இல் ஆட்களை வேலையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு தாங்கிப் பிடித்தது உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட பணம்தான்.

பாலக்கோட்டான்:

கடைக்காரரிடம் இன்று காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை, யோசித்துச் சொல் என்றார். ஏற்றுமதி நேற்று இரவு தொடங்கியது, படங்கள் மட்டும் 31 ஜிபி வந்திருக்கிறது. வேலையை விடவில்லை. மனைவியிடம் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். விலைப் பட்டியலை நாள்வாரியாக அடுக்குவதைத் தானே செய்கிறேன் என்றாள். 2020 ஏப்ரலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

அக்கா, செடி சுருண்ட அந்தப் படம் உங்கள் போனில் இன்னும் இருக்கிறதா? பிடுங்கிய பத்தாவது நாள் மீதிச் செடி எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். முதலில் உங்கள் தோட்டத்தைத்தான் எழுதி வைக்கப் போகிறேன்.