இன்சிடென்ட் ‘இடையூறு’, ப்ராப்ளம் ‘மூலக்கோளாறு’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தகவல் நுட்பச் சேவைகளை நிர்வகிக்கும் நடைமுறைகளின் தொகுப்பான ஐடிஐஎல்லுக்கு (ITIL) நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இன்சிடென்டுக்கு ‘நிகழ்வு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈவென்ட் என்று அங்கே தனியாக ஒன்று உண்டு. சர்வரின் வட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது என்று கண்காணிப்பு மென்பொருள் எச்சரித்தால் அது ஈவென்ட். யாருடைய வேலையும் இன்னும் நிற்கவில்லை. ‘நிகழ்வு’ அதற்குத்தான் பொருந்தும்.

சேவை எதிர்பாராமல் தடைபட்டாலோ, தரம் குறைந்தாலோதான் இன்சிடென்ட். அதற்கு ‘இடையூறு’ என்று வைக்கலாம். யாருக்கு இடையூறு, எந்த வேலைக்கு இடையூறு என்று அந்தச் சொல்லே கேட்க வைக்கிறது. ஐடிஐஎல்லும் பாதிப்பையும் அவசரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முன்னுரிமை தருகிறது. மாதக் கடைசியில் சம்பளப் பிரிவின் ஒரே ஒரு கணினி முடங்கினால், பயிற்சி அறையில் பத்துக் கணினிகள் முடங்கியதைவிட அதுதான் முதலில் கவனிக்கப்படும்.

அடுத்து ப்ராப்ளம். ‘சிக்கல்’, ‘பிரச்சினை’ இரண்டுமே இங்கே குழப்பும். “சிஸ்டத்துல ஒரு பிரச்சினை” என்று போன் செய்பவர் சொல்வது இன்சிடென்டை. ஓர் உதாரணம். சம்பளக் கணக்கு ஓடும்போது மென்பொருள் நின்றுவிடுகிறது. மென்பொருள் தானாக எழுதிக்கொண்டே போகும் பதிவுக் கோப்புகள் (லாக்) வட்டை அடைத்துவிட்டன. உதவி மையத்தில் இருப்பவர் பழைய கோப்புகளை அழித்து, சேவையை மறுபடி தொடங்குகிறார், டிக்கெட், அதாவது அந்தப் புகாரின் பதிவு, மூடப்படுகிறது. இடையூறு தீர்ந்தது, சரி. ஆனால் பழைய பதிவுகளைத் தானாக நீக்கும் அமைப்பைச் சர்வரில் யாரும் செய்து வைக்கவில்லை. அடுத்த மாதமும் இதே கதைதான். அந்த விடுபடல்தான் ப்ராப்ளம். அதற்கு ‘மூலக்கோளாறு’ என்பது என் பரிந்துரை.

காரணம் தெரியாத நிலையிலும் ப்ராப்ளம் பதிவு திறப்பார்களே, அப்போது இந்தச் சொல் செல்லுமா என்று கேட்கலாம். செல்லும். அடியில் ஒரு கோளாறு இருக்கிறது என்பது தெரியும், எது என்றுதான் தேடுகிறோம். ஆராய்ந்து கண்டுபிடித்து, இன்னும் சரிசெய்யாமல் இருந்தால் அது ‘அறிந்த கோளாறு’. நோன் எரருக்குத் தனியாகச் சொல் தேட வேண்டியதில்லை. அதுவரை கோப்புகளைக் கையால் அழித்துச் சமாளிப்பது, அதாவது ஒர்க்கரவுண்ட், ‘தற்காலிக வழி’.

கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி கேட்பதை இடையூறில் சேர்க்க வேண்டாம். அது ‘சேவைக் கோரிக்கை’. இதில் ஏற்கெனவே எல்லோரும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், அலைன்மென்ட். ‘சீரமைப்பு’ என்று பட்டியலில் இருக்கிறது. அதைப் படிப்பவருக்குப் பழுதடைந்த சாலைதான் நினைவுக்கு வரும். தகவல் நுட்பப் பிரிவின் வேலை நிறுவனத்தின் தேவையோடு பொருந்திப் போவதைச் சொல்ல ‘இயைபு’ போதும்: தொழில்–நுட்ப இயைபு. யாப்பில் இயைபுத் தொடை இருந்தாலும் இங்கே குழப்பம் வராது, இடம் வேறு. வினையாகவும் ‘இயைத்தல்’ என்று எளிதாக வரும்.

மறுப்பு இருப்பவர்கள், முக்கியமாக உதவி மையங்களில் வேலை செய்பவர்கள், உங்கள் டிக்கெட்டுகளில் இந்தச் சொற்களைப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.