செங்கடலை மறுபடி பாடுவதற்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களே,

வேதாகமக் கவிதை பற்றிய பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலருக்குச் செங்கடல் பிளந்து வழிவிட்ட கதை யாத்திராகமம் என்னும் வேதாகம நூலில் இருக்கிறது. அதைப் பின்னால் வந்த கவிஞர் நாலு வரியில் தொட்டுவிட்டுப் போகிறார். கேட்பவருக்கு முழுக்கதையும் எழுந்து வருகிறது. ஆங்கிலத்தில் அல்யூஷன் என்கிறார்கள். 'மேற்கோள்' சரிவரவில்லை. யாத்திராகமம் 15:2இல் உள்ள 'கர்த்தர் என் பெலனும் என் கீதமுமானவர்' ஏசாயா நூலின் 12ஆம் அதிகாரத்திலும், சங்கீதம் என்னும் வேதாகமப் பாடல்களில் 118ஆவதிலும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. அது மேற்கோள். 77ஆம் சங்கீதம் அப்படியில்லை. தண்ணீர் கடவுளைக் கண்டு தத்தளிக்கிறது, மேகம் பொழிகிறது, இடி முழங்குகிறது. யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் கீழ்க்காற்று உண்டு, மதிலாக நின்ற தண்ணீர் உண்டு. மழையும் இடியும் இல்லை. இதை என்னவென்று சொல்வது?
— ம.

ம. அவர்களுக்கு,

வெளியே தேட வேண்டாம். செய்யுளுக்குத் தொல்காப்பியர் சொன்ன எட்டு வனப்பில் (அழகில்) 'தொன்மை' ஒன்று: 'உரையொடு புணர்ந்த பழமை மேற்றே'. பழங்கதையைப் பொருளாகக் கொண்ட செய்யுள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.
— செ.

செ. ஐயா, வணக்கம்.

வகுப்பில் 'தொன்மை' என்றால் பிள்ளைகள் பழமை என்று மட்டும்தான் எடுப்பார்கள். தொன்மம் என்று நினைத்துவிட்டால் இன்னும் சிக்கல். கட்டுக்கதை என்கிறீர்களா என்று கேட்பார்கள். சங்கீதக்காரரே சொல் தந்திருக்கிறார்: 'கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்' (77:11). 'நினைவுகூரல்' போதாதா? பாதிப் பேர் அதை 'கூறல்' என்று வல்லின றகரத்தில் எழுதுவார்கள், அதைத் திருத்திக்கொள்ளலாம்.
— அ.

அம்மா, அந்தக் 'கூர்' என்ன சாதாரணச் சொல்லா! 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்பது தொல்காப்பியத்தின் உரியியல். இருப்பது மிகுவதுதான் கூர்தல். 'உலகத்தில் அன்புகூர்ந்தார்' என்று யோவான் 3:16இல் வருவதும் அதே கூர்தான். 77ஆம் சங்கீதத்தில் நடப்பதும் இதுவே: இருந்த கதை இடியும் மழையுமாகச் சிறக்கிறது. 114இல் மலைகளே ஆட்டுக்கடாக்களைப்போலத் துள்ளுகின்றன. அப்படியானால் 'கூர்நினைவு' என்று ஆக்குங்கள். ஒரே சொல், தூய தமிழ்.
— செ.

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் 'கூர்நினைவு' என்றால் நல்ல ஞாபகசக்தி என்றுதான் என் மாணவர்கள் எழுதுவார்கள். அப்புறம், நினைவு எப்போதும் மிகுவதில்லை. 105ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். யாத்திராகமத்தில் கடவுள் எகிப்தின்மேல் அனுப்பிய பத்து வாதைகளில் (துன்பங்களில்) இருள் ஒன்பதாவது. இங்கே அதுவே முதலில் வருகிறது. கால்நடைகளின் கொள்ளைநோயும் கொப்புளமும் விடுபட்டு, பத்து எட்டாகிறது. கடல் பிளந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! அடுத்த சங்கீதமோ கடலோரத்தில் மக்கள் முரண்டுபிடித்ததிலிருந்து தொடங்கி, கடலைக் கடந்ததைச் சொல்கிறது. 105 வாக்குத்தத்தம் நிறைவேறியதைப் பாடுகிறது, 106 மக்களின் பாவத்தை அறிக்கையிடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் கவிதையே இருக்கிறது. விடுவதற்கும் இடம் தருகிற சொல் வேண்டும்.
— அ.

நண்பர்களே,

வியாழன் இரவு. 'முற்செயல் நினைவுகூரல்' என்று எழுதி முடித்துவிட்டேன். நீளம்தான், ஆனால் படித்ததும் புரிகிறது. தனிமடலில் மூன்று பேர் சரி என்றார்கள். செ. ஐயா பொறுத்தருள வேண்டும்.
— ம.

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஏற்கவும் இல்லை. 'கடல் கண்டு விலகி ஓடிற்று. யோர்தான் பின்னிட்டுத் திரும்பிற்று' என்று 114இல் ஒரே மூச்சில் வருகிறது. கடல் விலகியது எகிப்தை விட்டு வந்தபோது, யோர்தான் ஆறு திரும்பியது நாற்பது ஆண்டு கழித்துக் கானானுக்குள் நுழைந்தபோது. இரண்டையும் ஒன்றாக்கிய அந்த வேகம் 'முற்செயல்' என்பதில் எங்கே இருக்கிறது? அடுத்த பதிப்புக்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.
— செ.