ஒரே தொண்டையில் இரண்டு பேர்: ராய் ஸ்கெல்ட்டனின் குரலோடு வளர்ந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குரல் கொடுத்த நடிகர் அவர். நானே தொடங்குகிறேன்.

1985 இறுதியில் நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூன்றரை வயது. அப்பாவுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் உள்ளறையில் தூங்குவார். அம்மா தையல் வேலைக்குப் போய்விடுவார். முன்னறையில் நானும் அம்மம்மாவும், சத்தத்தைக் குறைத்து வைத்த ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும். நண்பகல் கடந்ததும் ஐடிவி அலைவரிசையில் 'ரெயின்போ' தொடங்கும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி அது. ஒரு வீடு, அதில் ஜெஃப்ரி என்ற ஆள், பங்கிள் என்ற கரடி, ஜார்ஜ் என்ற ரோஸ் நிற நீர்யானை, பிறகு ஸிப்பி. ஸிப்பி எந்த உயிரினம் என்று யாரும் கடைசிவரை சொல்லவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸிப். தொல்லை பொறுக்க முடியாமல் போனால் ஜெஃப்ரியோ பங்கிளோ அதை இழுத்து மூடிவிடுவார்கள்.

அம்மம்மாவின் காதில் அந்தப் பெயர் 'சிப்பி' என்றுதான் விழுந்தது. "பொருத்தமான பேர். மூடினால்தான் இதற்கு மரியாதை" என்பார். அவருக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் புரியாது. ஆனால் யார் வம்புக்காரன், யார் அடங்கிப் போகிறவன் என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிட்டது.

நான் ஜார்ஜின் கட்சி. அவன் இழுத்து, தயங்கி, பாதி வாக்கியத்தில் நின்று யோசித்துப் பேசுவான். நர்சரியில் நான் பல மாதங்கள் வாயே திறக்காமல் இருந்த பிள்ளை. கடைசியில் ஒருநாள் தண்ணீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, ஜார்ஜ் கேட்பது போலவே கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. மெல்லப் பேசினாலும் கடைசிவரை காத்திருந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையை அவன்தான் கொடுத்திருந்தான்.

2011 ஜூனில் அந்த இரங்கல் செய்தியைப் படித்தேன். ராய் ஸ்கெல்ட்டன், வயது 79. ஸிப்பிக்கும் ஜார்ஜுக்கும் குரல் கொடுத்தவர். இருவருக்கும்! அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். முதலில் வந்தது கோபம். என் ஜார்ஜை அத்தனை ஆண்டுகள் அதட்டி, பரிகசித்து, குறுக்கே பேசியதும் அதே மனிதர்தானா? பிறகு அழுகை வந்தது, ஏனென்று இன்னும் விளங்கவில்லை.

உங்களுக்கு அவர் எங்கே, எப்படி வந்து சேர்ந்தார்?

\*

டூட்டிங்கிலிருந்து, எழுபது கடந்த ஒருவர்:

எனக்கு ஸிப்பியைத் தெரியாது, தங்கச்சி. என்னிடம் அவர் டாலெக்காக வந்தார். உலோகக் கூட்டுக்குள் இருந்து எதையும் அழிக்கத் துடிக்கும் வேற்றுக்கிரக வில்லன் அது. 1975இல் பொறியியல் படிக்க வந்து, ஒரு வயதான அம்மையாரின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் அவர் என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடரைப் பார்க்க உட்கார வைப்பார். டாலெக்குகள் எப்படி உருவாயின என்ற ஆறு பகுதிக் கதை அந்த வசந்த காலத்தில்தான் ஒளிபரப்பானது. உருவத்தைப் பார்த்தால் கவிழ்த்து வைத்த அண்டா. ஆனால் அது பேசத் தொடங்கியதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த டாலெக் குரல் ஸ்கெல்ட்டனுடையது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். 1967இல் தொடங்கி 1988 வரை அந்தத் தொடரில் அவர் டாலெக்காகப் பேசியிருக்கிறார்.

\*

ஹாரோவிலிருந்து, வானொலி நாடகம் தயாரித்தவர்:

லண்டனில் ஒரு தமிழ் வானொலிக்குச் சில ஆண்டுகள் நாடகம் செய்தேன். சம்பளம் கிடையாது, நடிகர்களும் போதாது. மாமனாரும் மருமகனும் ஒரே ஆளாக இருப்பார். சில நாட்களில் அந்த ஆள் நான். அப்போதுதான் ஸ்கெல்ட்டனைக் குருவாக வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலெக் குரல் கருவியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கருவி இருந்தது உண்மைதான். ரிங் மாடுலேட்டர் என்று பெயர். பேசுகிற குரலை ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலை ஒன்றோடு பெருக்கிவிடும். குரல் நடுங்கி உலோகமாகிவிடும். பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் பிரையன் ஹாட்ஜ்சன் 1963இல் இதற்கு வழி செய்தார். அதே விளைவைத் தரும் மென்பொருளில் என் குரலை ஓடவிட்டுப் பார்த்தேன். தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருந்தது, அவ்வளவுதான். பயம் வரவில்லை. டாலெக்கின் வெறி கருவிக்குள் போவதற்கு முன்பே நடிகரின் வாயில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அசையையும் வெட்டி நிறுத்த வேண்டும். உயிரொலியை நீட்ட வேண்டும். வாக்கியம் முடிய முடியச் சுருதி ஏறி, கட்டுப்பாடு இழக்கிற விளிம்புக்குப் போக வேண்டும். இத்தனையையும் அவர் படப்பிடிப்பு மேடைக்கு ஒரு பக்கத்தில் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, காட்சியைத் திரையில் பார்த்தபடி செய்தார். கூட்டுக்குள் இருக்கும் ஆள் அந்தப் பேச்சுக்கு ஏற்றாற்போலத் தலை விளக்குகளை மினுக்குவார்.

1966இல் அதே தொடரில், உடலை இயந்திரமாக்கிக்கொண்ட சைபர்மேன்கள் முதன்முதலாக வந்த கதையைக் கேளுங்கள். முகமூடி அணிந்த நடிகர் வாயைத் திறந்து அப்படியே வைத்திருப்பார். வார்த்தைகள் உள்ளிருந்து தாமாக வெளியே வரும். ஸ்கெல்ட்டனும் இன்னொரு குரல் நடிகரான பீட்டர் ஹாக்கின்ஸும் பேசியவை அவை. அழுத்தம் விழக் கூடாத அசையிலெல்லாம் அழுத்தம் விழும். வெண்பாவைச் சீர் தவறிப் பிரித்துப் படித்தால் பொருள் தெரிந்தும் மனம் ஒட்டாது அல்லவா, அதே உணர்வு. மனிதத்தன்மை போய்விட்டது என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் காட்டிவிட்டார்கள்.

ஸ்கெல்ட்டன் இங்கிலாந்தின் ஓல்டமில் 1931இல் பிறந்தவர். பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்ற மேடை நடிகர். முகம் காட்டியும் நடித்திருக்கிறார்: 1971இல் 'டாக்டர் ஹூ'விலேயே நார்ட்டன் என்ற மனிதப் பாத்திரம் அவருடையது. மேடைப் பயிற்சிதான் அவருடைய மூலதனம் என்று உறுதியாக நம்புகிறேன். ஒலிவாங்கி முன் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் குரலை மட்டும் மாற்றுவார்கள். இவர் ஆளையே மாற்றினார்.

ஸிப்பிக்கு முதலில் பேசியவரும் அந்த ஹாக்கின்ஸ்தான். 1972இல் நிகழ்ச்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே ஸ்கெல்ட்டன் அந்த இடத்துக்கு வந்தார். பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரையும் வட அயர்லாந்து அரசியல்வாதி இயன் பெய்ஸ்லியையும் கலந்துதான் ஸிப்பியை உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். இனி ஸிப்பி அடுத்தவரைப் பேசவிடாமல் அடிக்கும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: 'ரெயின்போ'வின் கதைகள் பலவற்றை எழுதியவரும் அவரே. தங்கச்சி, உங்கள் ஜார்ஜை அதட்டியவர் மட்டுமல்ல, ஜார்ஜுக்குக் கடைசியில் நல்ல பதிலை எழுதிக் கொடுத்தவராகவும் அவர் இருந்திருக்கலாம். கோபப்படாதீர்கள்.

\*

மில்டன் கீன்ஸிலிருந்து, நாகர்கோவில்காரர்:

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது 'ரெயின்போ' நின்றுபோயிருந்தது. தயாரித்த தேம்ஸ் நிறுவனம் 1992 முடிவில் ஒளிபரப்பு உரிமத்தை இழந்ததோடு அந்த நீண்ட ஓட்டம் முடிந்தது என்பார்கள். பிள்ளைகளுக்காக வாங்கிய பழைய வீடியோ கேசட்டில்தான் நான் பார்த்தேன். ஸிப்பியும் ஜார்ஜும் சண்டை போட்ட முதல் நிமிடத்திலேயே எனக்கு ஊர் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள். இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்; நடுவில் இவர்கள் புகுந்து ஒருவரை ஒருவர் வைது, அடித்து, கூட்டத்தைச் சிரிப்பில் உருட்டிவிடுவார்கள். சின்ன வயதில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். விளக்கும், வியர்வையில் நனைந்த ஒரே ஒரு மனிதரும். இராமன், சூர்ப்பணகை, அந்த இரண்டு கோமாளிகள், எல்லாரும் அவர் ஒருவரே.

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் கூத்தில் பாவையை ஆட்டுகிற கையும் பேசுகிற வாயும் ஒரே உடம்பில் இருக்கின்றன. கை போகிற வேகம் நாக்குக்குத் தெரியும். ஸ்கெல்ட்டனுக்கு அந்த வசதி இல்லை. பொம்மைகளை இயக்கியவர்கள் வேறு. ஸிப்பியை நெடுங்காலம் இயக்கியவர் ரானி லெ ட்ரூ. இவருடைய மூச்சு அவர் விரல்களில் போய் உட்கார வேண்டும். இருவரும் அதை நாள் தவறாமல் செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாவைக்காரர் அதைப் பார்த்திருந்தால் எழுந்து கும்பிட்டிருப்பார்.

\*

வெம்ப்ளியிலிருந்து, தமிழ்ப் பள்ளி ஆசிரியை:

சனிக்கிழமை வகுப்பில் 'என்ன', 'யார்', 'எங்கே' சொல்லிக் கொடுக்க இரண்டு கைப்பொம்மைகள் தைத்தேன். ஒன்று காகம், ஒன்று நரி. நரிக்குத் தந்திரக் குரல், காகத்துக்குக் கரகரப்பு. ஐந்தாவது நிமிடத்தில் நரி காகத்தின் குரலில் பேசிவிட்டது. முன் வரிசையில் இருந்த ஆறு வயதுச் சிறுமி எழுந்து, "டீச்சர், நரிக்கு என்ன ஆச்சு?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். அவளுக்கு அந்த நரி உயிரோடு இருந்தது. நான்தான் அதைக் கைவிட்டேன். அந்த மனிதர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் குழந்தைகளை அப்படிக் கைவிடாமல் இருந்திருக்கிறார் என்பதை அன்று நினைத்துக்கொண்டேன்.

\*

தொடங்கியவள் மறுபடியும்:

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ஹாரோ அண்ணா, கோபம் போய்விட்டது.

அம்மம்மா இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனபோது இவற்றையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அவர் அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்ததில்லை. இரவு வேலை முடிந்து வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் அரைத் தூக்கத்தில் கிடந்தவர். இருந்தாலும், இரண்டும் ஒரே ஆள் என்று நான் சொன்னபோது அவர் வியக்கவில்லை.

"அது எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எனக்குச் சத்தம் மட்டும்தானே. அந்த இரண்டு பேரும் அவ்வளவு சண்டை பிடிப்பார்கள், ஆனால் ஒருநாளாவது இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தியதில்லை. ஒருவன் முடித்து மூச்சு எடுத்த பிறகுதான் மற்றவன் தொடங்குவான்" என்றார்.

பிறகு, "தனியாக இருந்து அவ்வளவு பேரையும் பார்த்துக்கொள்கிறான், பாவம், களைத்துப் போவான் என்று நினைப்பேன்" என்றார். அவர் அப்போது செய்துகொண்டிருந்தது வாரத்தில் ஆறு இரவு வேலை.