மறு: ஸ்காட்லாந்து நாட்டுப்புற ஆட்டத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட கதையை என்ன சொல்லால் குறிப்பது?

> 'புனைமரபு' என்றே எழுதிவிடலாமே? ஸ்காட்லாந்து என்றாலே அதுதானே.

ஐயா, அங்கேதான் இடிக்கிறது. வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1983இல் பரவலாக்கிய கருத்துக்குப் (invented tradition) புனைமரபு சரியான சொல். நேற்று முளைத்த வழக்கத்துக்கு நரைமுடி ஒட்டுவது அது. நான் மொழிபெயர்க்கும் பகுதியிலோ ஆட்டம் பழையதாகவே இருக்கலாம். அதற்குக் காரணம் சொல்லும் கதைதான் பிறகு வந்து ஏறியது.

ஷான் ட்ரூஸ் ஆட்டத்தையே பாருங்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தப் பெயருக்குப் 'பழைய கால்சட்டை' என்று பொருள். 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலேண்ட் எனும் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள், பாவாடை போன்ற தங்கள் உடையான கில்ட்டை உடுத்தக் கூடாது என்றது. 1782இல் அது நீக்கப்பட்டது. ஆட்டத்தின் தொடக்கத்தில் காலை உதறுகிறார்களே, அது வேண்டாத கால்சட்டையை உதறித் தள்ளுவதாம். கடைசியில் வேகம் பிடிப்பது கில்ட் திரும்பக் கிடைத்த களிப்பாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் உடையைத்தான் தடுத்தது, ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. படைப்பிரிவுகளில் இருந்தவர்களுக்கு உடையிலும் விலக்கு உண்டு.

வாளாட்டம் இன்னும் வேடிக்கை. 1054இல் ஸ்காட்லாந்தின் மூன்றாம் மால்கம் எதிரியை வீழ்த்தி, அவன் வாள்மேல் தன் வாளைக் குறுக்காக வைத்து ஆடினான் என்கிறது ஒரு கதை. போருக்கு முந்தைய இரவில் வீரர்கள் சகுனம் பார்க்க ஆடியது, கால் வாளில் பட்டால் தோல்வி என்கிறது இன்னொன்று. ஒரே ஆட்டம் போருக்கு முன்னும் பிறக்கிறது, பின்னும் பிறக்கிறது! ஹைலேண்ட் ஃபிளிங் என்ற ஆட்டத்தில் தூக்கிய கைகள் கலைமான் கொம்பு என்பார்கள். ஆடுபவர் நின்ற இடத்தை விட்டு நகராததற்குக் கேடயத்தின் மேல் ஆடியதுதான் காரணம் என்பார்கள். நதிமூலம் பார்க்காதே என்று நம்மவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

> அப்படியானால் 'காரணக்கதை'? காரணப்பெயர் போல.

முதலில் நானும் அதையே எழுதி வைத்திருந்தேன். ஆனால் காரணப்பெயரில் காரணம் உண்மையானது. நாற்காலிக்கு நான்கு கால் இருக்கத்தான் செய்கிறது. இங்கே காரணம் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. 'தலபுராணம்' நெருங்கி வருகிறது, ஆனால் கோயில் வாசனை போகாது.

நேற்றிரவு தற்குறிப்பேற்ற அணி நினைவுக்கு வந்தது. மதுரை மதிலில் கொடி காற்றில் அசைகிறது. கோவலனை 'வராதே' என்று கை காட்டுவதாக இளங்கோ சொல்கிறார். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். கால் உதறியதன்மேல் கால்சட்டையை ஏற்றியதும் அதே வேலைதான். ஆகவே என் முன்மொழிவு: குறிப்பேற்றக் கதை. 'இந்த ஆட்டத்தின்மேல் பின்னாளில் குறிப்பேற்றினர்' என்று வினையாகவும் எழுதலாம். 'ஏற்றுக்கதை' என்று சுருக்கிப் பார்த்தேன். ஏற்றுமதி நினைவு வருகிறது, விட்டுவிட்டேன்.

இன்னொன்று. ஸ்ட்ராத்ஸ்பே ஆட்டத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் அது, அப்படியே இருக்கட்டும். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் சுற்றிப் பின்னிச் செல்லும் 'ரீல்' ஆட்டம் பற்றி மட்டும் நடனம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: 'பின்னலாட்டம்' என்றால் நம் பின்னல் கோலாட்டத்தோடு குழம்புமா?