இந்தியக் கடற்படைத் தளங்கள்: எங்களுக்கு நேர் எதிரே ஏன் பெரிய தளம் ஒன்றும் இல்லை?

நெல்லியடி_புவியியல்:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இந்து சமுத்திரம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழும்பி, இந்தியாவின் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் சென்னையில் இல்லாமல் ஏன் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் மும்பை, கார்வார், கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) என்று சுற்றிவரத் தளங்கள் இருக்கின்றன, யாழ்ப்பாணத்துக்கு நேர் எதிரே மட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை. இராமேஸ்வரத்துக்குக் கிட்ட உச்சிப்புளியில் ஒன்று இருப்பது தெரியும், ஆனால் அங்கே என்ன நடக்கிறது? பத்திரிகைகளில் வருவது சீனக் கப்பல் வந்தது, டில்லி கவலைப்பட்டது என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தத் தளம் எதற்கு என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி யாராவது எழுதுங்கள்.

வல்வை_மாலுமி:
ரீச்சர், முதலில் கடலின் ஆழத்தைப் பாருங்கோ, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பாக்கு நீரிணை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், இராமர் அணைப் பக்கம் சில இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. விக்ரமாதித்யா மாதிரி 45,000 தொன் விமானந்தாங்கிக் கப்பலுக்கு நீர்மட்டத்துக்குக் கீழேயே பத்து மீட்டர் அளவு தேவைப்படும், அது இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது. மும்பையிலிருந்து விசாகப்பட்டினம் போகிற பெரிய போர்க்கப்பல் தெய்வேந்திர முனையைச் சுற்றித்தான் போகிறது. நான் வணிகக் கப்பலில் வேலை செய்தவன், தென்கரைக்கு வெளியே அந்தப் பாதையில் கப்பல்கள் போய்வருவது ஓய்வதே இல்லை.

சென்னையை எடுத்தால் அது திறந்த கரை, அலைதடுப்புச் சுவர் கட்டி உண்டாக்கிய துறைமுகம். 1914 செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் இரவோடிரவாக வந்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுவிட்டுப் போனது அங்கேதான். விசாகப்பட்டினத்தில் டால்பின் மூக்கு என்கிற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, உள்துறைமுகம் அதற்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது. கப்பல் கட்டும் தளமும் அங்கேயே. சரி, சென்னையில் கடற்படையே இல்லையா என்றால் இருக்கிறது, ஐஎன்எஸ் அடையாறு என்ற தளம் அங்கேதான் (ஐஎன்எஸ் என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல், கரைத் தளங்களுக்கும் அதே முன்னொட்டைத்தான் வைக்கிறார்கள்). ஆனால் நீர்மூழ்கிகளையும் பெரிய கப்பல்களையும் வைத்துப் பராமரிக்கிற இடம் விசாகப்பட்டினம்.

கரையூர்ப்_பெடியன்:
அண்ணை சொன்ன ஆழக் கணக்கோடு 1971 இந்திய-பாகிஸ்தான் போரையும் சேர்த்துச் சொல்லுங்கள் ரீச்சர், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பாகிஸ்தானின் காசி என்ற நீர்மூழ்கி இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. இந்தியா விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்கிற மாதிரி வானொலிச் செய்திகளைப் பரவவிட்டது. காசி அங்கேயே போய், டிசம்பர் தொடக்கத்தில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. ஒரே துறைமுகத்தை நம்பியிருந்தால் கப்பலை எங்கே ஒளிப்பது? தளங்கள் பரவியிருப்பதன் பயன் அதுதான்.

மேற்குக் கரையிலும் அதே கதை. மும்பைத் துறைமுகத்தை வணிகக் கப்பல்களோடு பங்குபோட வேண்டும், கராச்சியும் கிட்ட. அதனால்தான் தெற்கே தள்ளி, மலைகளுக்கு அடியில், இடவசதியோடு கார்வாரைக் கட்டினார்கள், ஐஎன்எஸ் கடம்பா 2005இல் திறக்கப்பட்டது. கொச்சி பெரும்பாலும் பயிற்சிக்கானது.

உச்சிப்புளி விசயத்துக்கு வாறேன். ஐஎன்எஸ் பருந்து, 2009இல் கடற்படை விமானத் தளமானது. ஆளில்லா விமானமும் ஹெலிகொப்டரும் சிறிய விமானங்களும் எழும்பி, பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆழமில்லாத கடலை மேலிருந்து பார்ப்பதுதான் மலிவு. தூரக் கடலுக்கு அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது, பி-8ஐ என்ற நெடுந்தூரக் கடல் கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன. யாரும் அதிகம் பேசாத இன்னொன்று திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன். அங்கே கப்பலே இல்லை, உயரக் கோபுரங்கள் மட்டும்தான். சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை கொஞ்ச ஆழம் வரை இறங்கும், அதனால் மூழ்கிக் கிடக்கிற நீர்மூழ்கிக்கு மேலே வராமலே கட்டளை கிடைக்கும். எனக்கு இதுதான் முழு வலையமைப்பிலும் முக்கியமான புள்ளி என்று படுகிறது, கட்டளை போய்ச் சேராத நீர்மூழ்கியால் என்ன பயன்?

நெல்லியடி_புவியியல்:
மிக்க நன்றி இருவருக்கும். அந்தமானும் இலட்சத்தீவும் எதற்கு என்றும் சொன்னால் பாடம் முழுமையாகும். திருகோணமலையை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

வல்வை_மாலுமி:
அந்தமான் நிக்கோபாரில் 2001இல் முப்படைகளுக்கும் ஒரே கட்டளை அமைத்தார்கள். தெற்குக் கோடியில் கேம்பல் பே, அங்கே ஐஎன்எஸ் பாஸ் 2012இல் வந்தது. பெரிய நிக்கோபாருக்கும் சுமாத்திராவுக்கும் இடையில் ஆறு பாகைக் கால்வாய், மலாக்கா நீரிணைக்குப் போகிற கப்பல்களில் பெரும்பாலானவை அந்த வாசலால்தான் போகின்றன. மேற்கே இலட்சத்தீவின் மினிக்கோய் தீவில் ஐஎன்எஸ் ஜடாயுவை 2024 மார்ச்சில் திறந்தார்கள், அது மினிக்கோய்க்கு வடக்கே உள்ள ஒன்பது பாகைக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்க வாசலிலும் காவல். இரண்டுக்கும் நடுவில் கப்பல் பாதை எங்கள் தீவின் தென்கரையை உரசிக்கொண்டு போகிறது. தென்கரைத் துறைமுகமான அம்பாந்தோட்டையில் எந்தச் சீனக் கப்பல் வந்து நின்றாலும் டில்லி துடிப்பதற்குக் காரணம் அதுதான்.

திருகோணமலையின் ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்கு ஈடாக இந்தியாவின் கிழக்குக் கரையில் ஒன்றுமில்லை. அதனால்தான் பிரித்தானியர் விடாமல் வைத்திருந்தார்கள், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் தேடிவந்து குண்டு போட்டார்கள். 1957இல்தான் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. பிறகு 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடக்கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு கப்பலும் நிறுத்தாமல், ஒரு கொடியும் ஏற்றாமல், எழுத்தாலேயே பிடித்த இடம் அது. உங்கள் மாணவி வரைபடத்தில் இந்தியத் தளங்களுக்குப் புள்ளி வைக்கும்போது திருகோணமலைக்கும் வேறு நிறத்தில் ஒன்று வைக்கச் சொல்லுங்கோ ரீச்சர்.