30 ஆயிரத்துக்குள் வீட்டுக் கம்ப்யூட்டர்: இந்தக் கொட்டேஷன் தேறுமா?

மலைக்கோட்டை:
வணக்கம். மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் பாடத்தில் இருக்கிறது. செல்போனில் ஓட்டிப் பார்த்துச் சலித்துவிட்டாள். மனைவி ஒரு கடைக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார். மிச்ச நேரத்தில் யூடியூப், எப்போதாவது ஒரு படம். கேம் கிடையாது. 30 ஆயிரம் வரை போகலாம். மானிட்டர் வாங்க வேண்டாம், 19 அங்குலத்தில் பழையது ஒன்று இருக்கிறது. அதில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான் உண்டு.

திண்டுக்கல்லில் ஒரு கடையில் இப்படி எழுதித் தந்தார்கள்: ஐ5 பிராசஸர், எச்61 புது மதர்போர்டு, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு 2 ஜிபி, எஸ்எம்பிஎஸ்ஸோடு (கரண்டு சப்ளைப் பெட்டி) கேபினெட். மொத்தம் 17,500. ஐ5, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்தே இவ்வளவுதான் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

சால்டரிங் சாமி:
எத்தனையாவது தலைமுறை ஐ5? பிராசஸர் எண் ஏதாவது போட்டிருக்கிறார்களா?

மலைக்கோட்டை:
ஓரத்தில் 3470 என்று எழுதியிருக்கிறது சார்.

சால்டரிங் சாமி:
அப்படியானால் விட்டுவிடுங்கள். அது 2012இல் வந்த 3ஆம் தலைமுறைப் பிராசஸர். எச்61 என்பது போர்டில் இருக்கும் சிப், அதற்கும் முந்தைய வருடத்தது. போர்டு இன்றைக்குச் செய்ததாக இருக்கலாம், பெட்டியும் பளபளப்பாக இருக்கும், உள்ளே இருப்பது பழசு. பழைய டிடிஆர்3 வகை ராம்தான் போட முடியும், அதுவும் 16 ஜிபியோடு சரி. "ஐ5" என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்போது கிடைக்கும் ஐ3 12100, வேகத்தில் அந்த ஐ5ஐ இரண்டு மடங்குக்கு மேல் தாண்டும்.

அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் குறைந்தது 8ஆம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கடையில் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும்போது யாரைக் கேட்பீர்கள்? கடைக் கணக்கு இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அந்த ஜிடி 710 கார்டை ஏன் சேர்த்தார்கள் என்றே புரியவில்லை. கேம் விளையாட அது உதவாது. யூடியூப்பில் பெரும்பாலான வீடியோ விபி9, ஏவி1 வடிவத்தில்தான் வருகிறது. இந்தக் கார்டுக்கு இரண்டும் தெரியாது, அந்த ஐ5க்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் தெரியாது. அதனால் பாரம் முழுக்கப் பிராசஸர் தலையில் விழும், ஃபேன் கத்தும். ஐ3 12100க்குள்ளேயே இருக்கும் யூஎச்டி 730 கிராஃபிக்ஸ் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் தேவைக்குத் தனிக் கார்டே வேண்டாம்.

நானாக இருந்தால் ஐ3 12100, டிடிஆர்4 ராம் போடக்கூடிய எச்610 போர்டு, 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, நல்ல கம்பெனி 450 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக, கேபினெட் எது மலிவோ அது. எச்610இல் டிடிஆர்5 போர்டும் உண்டு, பார்த்து வாங்குங்கள். இந்த மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடாது. அப்புறம் ஏன் 450 என்றால், நம்பகமான கம்பெனிகள் அதற்குக் கீழே அதிகம் செய்வதில்லை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 500 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், நம்பாதீர்கள். நம் ஊர் கரண்டுக்கு அது போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

பென்குயின்:
17,500 மெஷினையே வாங்கி விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றலாமே? பைத்தான் அதில் இன்னும் சுலபம். எஸ்எஸ்டி இருந்தால் 3ஆம் தலைமுறையும் நன்றாகவே ஓடும்.

சால்டரிங் சாமி:
மகளுக்கு மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன் நண்பா. டேலி விண்டோஸுக்குத்தான் வருகிறது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) போட்டு ஓட்டச் சொல்லி அவர் வீட்டில் சண்டை மூட்ட வேண்டாம்.

ரிச்சி தெரு ரசிகன்:
இன்னொரு வழியும் இருக்கிறது அண்ணா. ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டிய டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் ரீஃபர்பிஷ்டாக, அதாவது சரிபார்த்துத் திரும்ப விற்பதாக, கிடைக்கும். 8ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். ஐ5 8500 என்றால் 6 கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், விலையும் புது அசெம்பிளை விட இறங்கும். குறையும் உண்டு. எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு, போனால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. பலவற்றில் எச்டிஎம்ஐகூட இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்தான். சென்னையில் இருந்தால் கையோடு போட்டுப் பார்த்து வாங்கச் சொல்வேன். திண்டுக்கல்லில் இருந்து வாரண்டிக்கு அலைவது கஷ்டம்.

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. புதிதாகவே அசெம்பிள் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். ராம் 8 ஜிபி போதுமா, 16 போடவா? விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

சால்டரிங் சாமி:
2025 கடைசியிலிருந்தே ராம் விலை அப்படித்தான் ஏறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இரண்டு ராம் ஜோடியாகப் போட்டால் வேகம் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸில் கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் அது பெரிதாகத் தெரியும். டேலிக்கும் குரோமுக்கும் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி போதும். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கட்டும், விலை இறங்கினால் இன்னொன்று போடுங்கள். எஸ்எஸ்டியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மலைக்கோட்டை:
மதுரையில் வேறு கடையில் புதுக் கொட்டேஷன் வாங்கினேன்: ஐ3 12100எஃப், எச்610 டிடிஆர்4 போர்டு, 8 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ, 450 வாட். நீங்கள் சொன்னதுதானே? இதில் விஜிஏ மானிட்டர் வேலை செய்யுமா?

ரிச்சி தெரு ரசிகன்:
அண்ணா நிறுத்துங்க! கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. விலை கொஞ்சம் குறைவு என்று எழுதியிருப்பார்கள். வெறும் 12100 கேளுங்கள்.

சால்டரிங் சாமி:
அதேதான். பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா (கம்பெனிப் பெட்டி இல்லாமல் உதிரியாக வருவது) என்றும் கேளுங்கள். பாக்ஸ் என்றால் ஃபேன் கூடவே வரும், இன்டெல் 3 வருட வாரண்டியும் இருக்கும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். விஜிஏ எச்610 போர்டுகள் பலவற்றில் இன்னும் வருகிறது, போர்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன கன்வர்ட்டர் சில நூறு ரூபாய்தான்.

மலைக்கோட்டை:
கடைக்குப் பேசிவிட்டேன். எஃப் இல்லாதது, பாக்ஸ் பீஸ், செவ்வாய்க்கிழமை வருமாம். போர்டில் விஜிஏ இருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 28 ஆயிரத்துச் சொச்சம். மிச்சத்தில் யூபிஎஸ் வராது போலிருக்கிறது. அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

சால்டரிங் சாமி:
தாராளமாக. 600 விஏ போதும். அதுவரை டேலி பேக்கப்பைத் தினமும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.